மலை மேல் ஒரு கண்: பலூனா, வான்கப்பலா, ட்ரோனா?

"அண்ணே, டிவிஷனுக்கு ட்ரோன் வாங்குறதா, பலூன் ஏத்துறதா?"

மூணாறு, தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் பையன்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது (டிவிஷன் என்றால் எஸ்டேட்டின் ஒரு பிரிவு). குமுளிப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவரும் கேட்டார். சங்கத்தில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கும், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் அனுப்பியிருப்பார்கள். எதை வாங்குவது என்பதில் வந்து நின்றுவிடுகிறார்கள். இணையத்தில் வான்கப்பல் (மோட்டார் வைத்து ஓட்டும் பெரிய வாயுப் பலூன்) வீடியோ பார்த்துவிட்டு, "எரிபொருளே வேண்டாமாமே, சும்மாவே மிதக்குமாமே" என்று ஆசையோடு வருபவர்களும் உண்டு.

எல்லோர் மனதிலும் இருப்பது ஒரே ராத்திரிதான். 2020 ஆகஸ்ட் 6. மூணாறு மலையில் இருக்கும் பெட்டிமுடியில் உருள்பொட்டி, அதாவது மலை சரிந்து, தொழிலாளர் வீடுகளான லயங்களின் மேல் வந்து விழுந்தது. 70 பேரை இழந்தோம். கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆகிவிட்டது. மேலே ஒரு கண் இருந்திருந்தால், ஒரு சிக்னல் இருந்திருந்தால் என்று நினைக்காதவர்கள் இங்கே இல்லை.

அது மட்டும் தேவை இல்லை. விடிகாலையில் கொழுந்தெடுக்கப் போகிறவர்களுக்கு யானை எந்தக் காட்டில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் புல்மேட்டில் எங்கே புகை எழுகிறது என்று தெரிய வேண்டும். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலைக்குக் கீழே குரங்கணிக் காட்டில் பற்றிய தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் மாண்டதை இரண்டு மாநிலத்துக்காரர்களும் மறக்கவில்லை.

ஆக, தேவை மூன்று: மழைக்கால அவசரத்தில் தொடர்பு, யானைக் காவல், தீக்காவல். மூன்றுக்கும் ஒரே கருவி போதும் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

## எதை வைத்து அளப்பது

விலையை நான் முதலில் பார்ப்பதில்லை. என் வரிசை இது.

முதலாவது, மேலே நிற்க ஆகும் சக்தி. இரண்டாவது, காற்றிலும் சாரலிலும் இடத்தை விட்டு நகராமல் நிற்க ஆகும் சக்தி. இந்த இரண்டும் ஒன்று இல்லை. மூன்றாவது, கீழே எத்தனை ஆள், எவ்வளவு சமதளம், என்ன கொட்டகை. நான்காவது, மாதா மாதம் தீரும் பொருள்: வாயு, பேட்டரி, டீசல். ஐந்தாவது அனுமதி. ஆறாவது, கெட்டுப்போனால் அது யார் தலையில் விழும்.

முதல் இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். ட்ரோன் மேலே நிற்கவே சக்தியைக் கொட்டுகிறது. வாயு நிரப்பிய பலூனும் வான்கப்பலும் மேலே நிற்க ஒரு சொட்டும் செலவழிப்பதில்லை. அவற்றின் செலவெல்லாம் காற்றோடு மல்லுக்கட்டுவதில்தான். வான்கப்பலைப் புகழும் வீடியோக்கள் முதல் பாதியை நன்றாகச் சொல்கின்றன, இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

## கயிற்றில் கட்டிய பலூன்

கல்யாண மண்டபத்து உருண்டைப் பலூன் இல்லை இது. மீன் மாதிரி நீண்ட உடம்பு, பின்னால் மூன்று அல்லது நான்கு வால் இறக்கை, கீழே ஒரு கயிறு, கயிறு சுற்ற ஒரு வின்ச். கேமராவும் ரேடியோவும் வயிற்றில் தொங்கும். ராணுவங்கள் பல காலமாக இதைப் பயன்படுத்துகின்றன. நம் நாட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் ஆக்ரா ஆய்வகம் 'ஆகாஷ்தீப்' என்ற பெயரில் ஒன்றைச் செய்து பறக்கவிட்டிருக்கிறது.

உருண்டைக்கும் மீன் வடிவத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கோயில் திருவிழாவில் என் கண்ணாலேயே பார்த்தேன். விளம்பரத்துக்காக மூன்று மீட்டர் உருண்டை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். காலையில் கயிறு நட்டக்குத்தலாக நின்றது. பதினோரு மணிக்குக் காற்று எழும்பியதும் கயிறு பாதிக்கு மேல் சாய்ந்து, பலூன் தேயிலைச் செடி உயரத்துக்கு இறங்கிவிட்டது. கயிறு அதிர்ந்து 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் சத்தம் போட்டது. கட்டியவர் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தும் முடியவில்லை. கடைசியில் அது மின்கம்பியில் உரசிக் கிழிந்தது. காற்று அடிக்கும்போது உருண்டை படுத்துவிடும். வால் இறக்கை உள்ள நீண்ட பலூன் காற்றுக்கு மூக்கைக் காட்டித் திரும்பும். பட்டம் மாதிரி கொஞ்சம் மேலே ஏறவும் செய்யும். காசு மிச்சம் என்று உருண்டையை வாங்கிவிடாதீர்கள்.

இனி கணக்கு. கடல் மட்டத்தில் ஒரு கனமீட்டர் ஹீலியம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் தூக்கும். மூணாறு 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெலிந்தது. இங்கே சுமார் 900 கிராம்தான் தூக்கும். 60 கனமீட்டர் பலூன், அதாவது ஒரு பஸ் நீளம், மொத்தம் 54 கிலோ தூக்கும். துணியும் வாலும் 25 கிலோ, மின்கம்பி பின்னிய கயிறு 8 கிலோ என்று வைத்தால், கேமராவும் ரேடியோவுமாக 8 கிலோ ஏற்றியும் 13 கிலோ இழுப்பு மிச்சம் இருக்கும். அந்த மிச்சம்தான் கயிற்றை விறைப்பாக வைத்திருக்கும். அதையும் சாமானாக ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இதற்கு மின்சாரம் எவ்வளவு? கேமராவும் ரேடியோவும் 100 வாட் எடுத்தால், 24 மணி நேரத்துக்கு 2.4 யூனிட். லயத்துக் கூரையில் வைக்கும் சோலார் பலகைகள் சிலவே போதும். சக்திக் கணக்கில் இதை அடிக்க வேறு எதுவும் இல்லை.

சரி, மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம்.

ஹீலியம் மிகச் சிறிய அணு, எந்தத் துணியிலும் கசியும். நாளுக்கு 1 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 18 கனமீட்டர் போகும். 7 கனமீட்டர் பிடிக்கும் சாதாரணச் சிலிண்டரில் முதல் நிரப்புக்கு ஒன்பது வேண்டும். அப்புறம் மாதம் இரண்டரை. அதை அடிவாரத்திலிருந்து வளைவு வளைவாக ஜீப்பில் ஏற்றிவர வேண்டும். ரூபாயில் சொல்லாமல் சிலிண்டரில் சொல்வதற்குக் காரணம், ஹீலியம் விலை நிலையாக நிற்பதில்லை. இயற்கை எரிவாயுவோடு சேர்ந்து கிடைக்கும் வாயு அது. அமெரிக்கா, கத்தார் போன்ற நாடுகளிலிருந்து வருகிறது, நாம் இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறோம். இதே ஹீலியத்தின் மஞ்சள் கோடு முதன்முதலில் சூரிய ஒளியில் தென்பட்டது 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தின்போது, ஆந்திராவில் குண்டூரிலிருந்து பார்த்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனுக்கு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஏக்கம் வரும்.

ஹைட்ரஜன் மலிவு, இன்னும் கொஞ்சம் அதிகமாகவும் தூக்கும். வானிலைத் துறை பலூன்களுக்கு அதைத்தான் நிரப்புகிறது. ஆனால் விறகடுப்பு எரியும் லயங்களுக்கு மேலே ஹைட்ரஜன் பலூன் கட்டுவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1937 மே 6 அன்று ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மன் வான்கப்பல் எரிந்து 36 உயிர் போனதற்கு அந்த வாயுவே காரணம்.

அடுத்தது மழை. மேல்பக்கத் துணி 50 சதுர மீட்டர் இருக்கும். அதன்மேல் 0.2 மில்லிமீட்டர் தண்ணீர் படிந்தாலே 10 கிலோ! மிச்சமிருந்த 13 கிலோ இழுப்பில் முக்கால் பங்கு போச்சு. ஜூன் சாரலில் இது நாள் முழுக்க நடக்கும். ஏப்ரல், மே கோடை இடியிலும் ஐப்பசி துலாமழையிலும் மின்னல் வேறு. 150 மீட்டர் ஈரக்கயிறு இடிதாங்கிக்குச் சமம். ஜனவரி ராத்திரியில் பகல் 25 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கினால் வாயு 7 சதவீதம் சுருங்கித் துணி தளரும். தளர்ந்த துணி காற்றில் படபடவென்று அடித்துத் தையலில் கிழியும். அதற்காகவே நல்ல பலூன்களில் உள்ளே ஒரு சின்னக் காற்றுப்பையும் அதை ஊதும் விசிறியும் இருக்கும். வாங்கும்போது அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

கயிறு அறுந்தால்? 2015 அக்டோபர் 28 அன்று அமெரிக்க ராணுவத்தின் பெரிய காவல் பலூன் ஒன்று மேரிலாந்தில் அறுத்துக்கொண்டு பென்சில்வேனியா வரை போனது. பின்னால் இழுபட்ட கயிறு மின்கம்பிகளை அறுத்து ஆயிரக்கணக்கான வீடுகளை இருட்டாக்கியது. அவ்வளவு பணமும் ஆளும் இருந்த இடத்திலேயே அப்படி என்றால், நம் வின்ச்சுக்குப் பக்கத்தில் ராத்திரியும் ஒரு ஆள் உட்கார்ந்தே ஆக வேண்டும். அறுந்தால் தானாக வாயுவை வெளியேற்றும் வால்வும் கட்டாயம்.

இது சரியாக வரும் இடம்: டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை, காற்று அடங்கிய நாட்களில், ஒரே இடத்துக்கு மேலே நாள் கணக்கில் நிற்க வேண்டிய வேலை. தீக்காவலுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. யானைக் காவலுக்கும் ஆகும்; சத்தம் இல்லாத கண் இது.

## வான்கப்பல்

கயிறு இல்லாமல், சொந்த மோட்டாரில் போவது. இன்றைய வான்கப்பல்களைப் பற்றி எழுதும்போது எனக்கே கை பரபரக்கிறது, அவ்வளவு நல்ல வேலை நடக்கிறது. ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் 1997-ல் முதலில் பறந்த செப்பலின் என்டி, 75 மீட்டர் நீளம்; திரும்பும் மோட்டார்கள் இருப்பதால் இறங்கும்போது பழைய காலம் மாதிரி ஒரு பட்டாளமே கயிறு பிடிக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான செர்கே பிரின் பணத்தில் உருவான பாத்ஃபைண்டர் 1, சுமார் 124 மீட்டர், 12 மின்மோட்டார்கள். இங்கே டிஆர்டிஓ 2025 மே 3 அன்று மத்தியப் பிரதேசத்தில் ஷியோப்பூரிலிருந்து ஒரு வான்கப்பலை 17 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, 62 நிமிடம் பறக்கவிட்டு இறக்கியது.

சக்தி மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் மெதுவாகப் போகும்வரைதான். வேகம் இரண்டு மடங்கானால் மோட்டார் சக்தி எட்டு மடங்கு வேண்டும். 30 கிலோமீட்டர் வேகக் காற்றில் நின்ற இடத்தில் நிற்க ஆகும் சக்தியைவிட 60 கிலோமீட்டர் காற்றில் நிற்க எட்டு மடங்கு ஆகும். பாலக்காட்டுக் கணவாய்க்காரர்களுக்கும் ஆரல்வாய்மொழிக்காரர்களுக்கும் இதை விளக்கவே வேண்டாம். காற்றாலை நடுகிற ஊரில் வான்கப்பல் நிறுத்த முடியாது. மலையிலோ, காற்று நேராகவே வராது. மேட்டைத் தாண்டியதும் கீழே குதிக்கும், சுழலும். லேசான பெரிய உடம்புக்கு அதைப்போல எதிரி இல்லை.

பெரிதாக ஆக ஆகத்தான் வான்கப்பலுக்கு லாபம். தூக்கும் கொள்ளளவு வேகமாகக் கூடும், காற்றை எதிர்க்கும் மேற்பரப்பு அவ்வளவு கூடாது. அதனால் பஸ் அளவு வான்கப்பல் சக்தி மிச்சத்தின் முழுப் பலனையும் தராது. பலன் தருகிற அளவுக்கு நம்மிடம் இடம் கிடையாது. மூக்கைக் கம்பத்தில் கட்டினால் அது காற்றுக்கு ஏற்பச் சுற்றும். 75 மீட்டர் கப்பல் சுற்ற 4 ஏக்கருக்கு மேல் தடையில்லாத சமதளம் வேண்டும், அதாவது இரண்டரை கால்பந்து மைதானம். மூணாற்றில் அப்படி ஒரு சமதளம் கிடைத்தால் முதலில் பள்ளிக்கூடம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கட்டி வைத்த கப்பலுக்கும் ஆபத்து உண்டு. இங்கிலாந்தில் 92 மீட்டர் ஏர்லேண்டர் 10, 2017 நவம்பரில் கட்டுக்கம்பத்திலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய்க் காற்றிறங்கிக் கிடந்தது. பறந்துகொண்டிருக்கவில்லை, நிறுத்தியிருந்தார்கள்.

1924 வெள்ளத்தில் குண்டளை ரயில் பாதை அடித்துப்போவதற்கு முன்பு, டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் கயிற்றுப்பாதையில் இறங்கின. "அந்தக் கயிற்றுப்பாதை வேலையை வான்கப்பல் செய்யாதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அழகான கேள்வி. ஆனால் சரக்கை இறக்கிய கணமே கப்பல் லேசாகி மேலே இழுக்கும். இறக்கிய எடைக்கு ஈடாகத் தண்ணீரோ மண்ணோ ஏற்ற வேண்டும். சரக்கு வான்கப்பல் கனவில் ஜெர்மனியில் கட்டிய பிரம்மாண்டக் கொட்டகை, 2002-ல் அதைக் கட்டிய நிறுவனம் திவாலானதும், உள்ளரங்கக் கடற்கரைப் பூங்காவாக மாறியது.

இது சரியாக வரும் இடம்: சமவெளி, அடங்கிய காற்று, நீண்ட தூர அளவெடுப்பு. பழவேற்காடு ஏரி மாதிரி விரிந்த இடத்தில் விடிகாலைப் பறவைக் கணக்கெடுப்புக்குச் சின்ன வான்கப்பல் அருமையாக இருக்கும் என்று தோன்றும். அங்கேயோ ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம் பக்கத்திலேயே இருக்கிறது. அனுமதிக் கேள்வி அங்கேதான் முதலில் முட்டும்.

ஆக, டிவிஷன் பணத்தில் வான்கப்பல் வேண்டாம். அது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. 17, 20 கிலோமீட்டர் உயரத்தில், நம் மழைக்கும் மஞ்சுக்கும் மேலே, சூரிய ஒளியில் ஓட வேண்டியது. 20 கிலோமீட்டரில் ஒரு கனமீட்டர் ஹீலியம் 75 கிராம்தான் தூக்கும் என்பதால் கப்பல் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று பாருங்கள். இருந்தாலும், பெட்டிமுடி மாதிரி ஒரு ராத்திரிக்கு மேலிருந்து சிக்னல் தரக்கூடியது என்றாவது வருமென்றால் அந்த வழியாகத்தான் வரும். எனக்கு அதில் உறுதியான நம்பிக்கை இருக்கிறது.

## ட்ரோன்

இதைப்பற்றி எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு கிலோ ட்ரோன் அந்தரத்தில் நிற்க சுமார் 600 வாட் எடுக்கும். 24 மணி நேரம் நிறுத்தினால் 14 யூனிட்டுக்கு மேல், பேட்டரி 40 தடவை மாற்ற வேண்டும். கீழிருந்து கம்பியில் கரண்ட் கொடுக்கும் ட்ரோனும் உண்டு. பேட்டரித் தொல்லை இல்லை, ஆனால் கரண்ட் போன நாளில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

குளிரில் பேட்டரி ஏமாற்றும். ஒரு ஜனவரிக் காலை, புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. வாடகைக்குக் கொண்டுவந்தவர் பேட்டரியை ராத்திரி முழுக்க ஜீப்பிலேயே வைத்திருந்தார். 90 சதவீதம் காட்டியது, ஏழாவது நிமிடத்தில் எச்சரிக்கை கத்தியது, எட்டாவது நிமிடம் தேயிலைக்குள் இறங்கியது. அதைத் தேட அரைநாள் போயிற்று. பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

இன்னொன்று, சத்தம். யானைக்குத் தேனீ இரைச்சல் ஆகாது, ட்ரோன் சத்தமும் ஏறக்குறைய அதுதான். யானையை எங்கே என்று பார்க்கப் போய், லயம் பக்கமாகவே விரட்டிவிடக்கூடும். இதில் விளையாட்டு வேண்டாம். வனத்துறையோடு சேர்ந்து மட்டும் செய்யுங்கள்.

அனுமதி விஷயத்தில் ட்ரோனுக்குத்தான் பாதை தெளிவு. 2021 ட்ரோன் விதிகளின்படி பதிவெண், பச்சை மண்டலத்தில் (தனி அனுமதி தேவைப்படாத வான்பகுதியில்) 120 மீட்டர் உயரம் வரை, 2 கிலோவுக்கு மேல் என்றால் ஓட்டுநர் சான்றிதழ். கட்டுப் பலூனுக்கு விமானப் போக்குவரத்து அதிகாரிகள், மாவட்ட நிர்வாகம், காட்டோரம் என்றால் வனத்துறை என்று பல படி ஏற வேண்டும். இரவிகுளம் தேசியப் பூங்கா எல்லைக்குப் பக்கத்து டிவிஷன்கள் எதை வாங்குவதற்கும் முன்னால் வனத்துறையிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

இது சரியாக வரும் இடம்: போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவது. ரோடு போய்விட்டதா, பாலம் நிற்கிறதா, அந்தச் சரிவில் புதிதாக வெடிப்பு விழுந்திருக்கிறதா? மழை விட்ட அரைமணி நேரத்தில் பதில் தெரிந்துவிடும். பலூனை அதற்குள் பாதிகூட நிரப்ப முடியாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கட்டுப் பலூன் | வான்கப்பல் | ட்ரோன் |
|---|---|---|---|
| மேலே நிற்கும் சக்தி | இல்லை | இல்லை | மிக அதிகம் |
| காற்றில் நிற்பது | கயிறு தாங்கும். பலமானால் இறக்க வேண்டும் | காற்று வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு | ஓரளவு தாங்கும் |
| எவ்வளவு நேரம் | நாள் கணக்கு | மணி முதல் நாள் வரை | அரைமணி |
| மாதச் செலவு | ஹீலியம், காவல் ஆள் | ஹீலியம், கொட்டகை, பைலட் | பேட்டரி |
| இடம் | வீட்டு முற்றம் அளவு போதும், பக்கத்தில் மின்கம்பி கூடாது | ஏக்கர் கணக்கு | ஒரு பாய் விரிக்கும் இடம் |
| தென்மேற்குப் பருவமழையில் | ஆகாது | ஆகாது | இடைவெளியில் மட்டும் |

கடைசி வரிசையை மறுபடி ஒருமுறை பாருங்கள். எந்த ராத்திரியை நினைத்து இந்தப் பணத்தைச் சேர்த்தோமோ, அந்த ராத்திரியில் மூன்றுமே தரையில்தான் கிடக்கும். இதைச் சொல்லாமல் யாரையும் வாங்க விட எனக்கு மனம் வரவில்லை. கூகுளின் லூன் பலூன்கள் 2017-ல் போர்ட்டோ ரிக்கோ புயலுக்குப் பிறகு சிக்னல் கொடுத்தன. அதுவும் புயல் அடித்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான். 2021 ஜனவரியில் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள்.

அதனால் அந்த ராத்திரிக்கான பணம் தனி. மேட்டில் காங்கிரீட் போட்டு ஊன்றிய கம்பம், அதில் ஒரு ரேடியோ ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி), மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் தாங்கும் பேட்டரி, ஒவ்வொரு டிவிஷனிலும் கையில் பிடித்துப் பேசும் ஒரு ரேடியோ. உரிமம் வாங்க வேண்டும். அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதியவர்கள் 2018 வெள்ளத்தில் கேரளம் முழுக்கச் செய்த வேலையைப் பார்த்திருப்பீர்கள். டிவிஷனுக்கு இரண்டு பேர் அந்தத் தேர்வை எழுதட்டும். பறக்காத இந்தக் கம்பத்துக்குத்தான் முதல் பணம் போக வேண்டும் என்பேன்.

அதற்கு மேல் மிச்சம் இருந்தால் ஒரு ட்ரோன், நான்கு பேட்டரி, சான்றிதழ் பெற்ற இரண்டு பேர். மூன்று, நான்கு டிவிஷன் சேர்ந்து வாயுவுக்கும் காவலுக்கும் பொறுப்பு எடுக்க முடிந்தால் மட்டும், தீக்காலத்துக்கு ஒரு கட்டுப் பலூன். தனி டிவிஷனாக என்றால் பலூன் வேண்டாம், இரண்டாவது மாதத்திலேயே சிலிண்டர் வாங்கப் பணம் இருக்காது.

பலூன்தான் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு வேலை. எஸ்டேட் ஆபீஸ்களில் மழை அளவை நாள் தவறாமல் எழுதி வைக்கிறார்கள், காற்றை எழுதுவது அபூர்வம். பலூன் நிற்கப் போகும் மேட்டிலேயே ஒரு காற்றுமானியை நட்டு, இந்த டிசம்பரிலிருந்து மார்ச் வரை காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மூன்று வேளையும் ஒரு நோட்டில் குறியுங்கள். இடையில் அடித்த உச்ச வேகத்தையும் சேர்த்து எழுதுங்கள். உச்சம் 40 கிலோமீட்டரைத் தாண்டாத நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பாதி நாட்களாவது தேறவில்லை என்றால் பலூன் பணத்தையும் ரிப்பீட்டர் பேட்டரியிலேயே போட்டுவிடுங்கள். தேறினால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு விற்பவரிடம் போய், "இந்தக் காற்றில் உங்கள் பலூன் நிற்குமா, எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.